அறுபத்தேழு ‘ம்’

ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம், என் முட்டியைத் தவிர. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? மாமாவின் தும்மல் குறைந்ததா?

முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லித் தொலைக்கிறேன். போன வாரம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, “ஒரு வேஷத்த ஒத்துக்கலாமா வேண்டாமான்னு எப்படி சார் முடிவு பண்றீங்க?” என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். யோசிப்பதுபோல் காட்ட அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பிறகு, “கதையை மூன்று முறை படிப்பேன். முதல் தடவை ரசிகனாக, இரண்டாம் தடவை எதிரியாக, மூன்றாம் தடவை அந்த மனிதனாகவே” என்றேன். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

உண்மையை உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் நாற்காலிகளை எண்ணுகிறேன். பென்சிலும் கையுமாக என் காட்சிகளை மட்டும் புரட்டி, ‘அமர்கிறார்’, ‘சாய்ந்தபடி’ என்று வரும் இடங்களிலெல்லாம் கோடு போடுவேன். பத்துக் கோட்டுக்கு மேல் விழுந்தால் அற்புதமான கதை. ‘ஓடுகிறார்’ என்று ஒன்று வந்துவிட்டால் போதும், எனக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் கருத்து வேறுபாடு. ஐந்து வருடமாக நான் நடித்த மில் முதலாளி, சக்கர நாற்காலிக்காரர், படுத்த படுக்கையான பெரியப்பா எல்லோரும் இப்படித் தேர்வானவர்கள்தான். படுக்கைப் பெரியப்பாவுக்கு ஒரு விருது வேறு கொடுத்தார்கள். அதை வாங்கத்தான் நடக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது என் முன்னால் இரண்டு வேஷம். ஒன்று, தொலைக்காட்சித் தொடரில் நீதிபதி. உயரமான நாற்காலி, முதுகுக்கு மெத்தை, கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வசனத்தைப் படித்துக் கொடுப்பார். இன்னொன்று மேடை நாடகம். இயக்குநர் உன் ஊர்ப் பெண், முப்பது வயதிருக்கும், தலையை ஒட்ட வெட்டியிருப்பாள். நான் வைத்த பெயர் கிராப்பு. ஒத்திகையும் உன் ஊரில்தான், ஏப்ரல், மே இரண்டு மாதமும். ஆகவே ஒன்றைத்தான் எடுக்க முடியும். மார்ச் பதினைந்துக்குள் சொல்லியாக வேண்டும். நான் விட்டால் நீதிபதியைப் பவுடர் கொத்திக்கொண்டு போய்விடுவான். அவனைத்தான் உனக்குத் தெரியுமே, வானொலி நாடகத்துக்குக்கூட முகத்துக்குப் பூசிக்கொண்டு வருகிறவன்.

பிரதியின் நகல் இத்துடன் இருக்கிறது. முடிவெடுப்பது நான்தான். சும்மா ஒரு பார்வை பார்த்து எழுது. போனில் நான் நடிக்கிறேன், காகிதத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, முக்கியமானதெல்லாம் கடிதத்தில்தான் என்று சட்டம் போட்டவள் நீதானே.

முட்டியைத் தேய்த்தபடி,
தம்பி

ஜனவரி 17

தம்பிக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. மாமா இப்போது காலையில் மட்டும் தும்முகிறார். என் இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நின்றுகொண்டு, “மூச்ச இழுத்துப் பிடிங்க... விடலாம்” என்று எழுபது பேருக்குச் சொல்கிறவளுக்கு அது வேறெப்படி இருக்கும்?

நாடகத்தைப் படித்தேன். நீ உன் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறாய் என்பது தெரிகிறது. பத்தொன்பது வருடம் பேசாத அக்காவும் தம்பியும் ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி தாமதம். அங்கே இருப்பது ஒரே பெஞ்சு. ‘பெஞ்சு’ என்று பார்த்ததும் நீ கோடு போட்டிருப்பாய். நகலிலேயே தெரிகிறது. அதில் பையோடு உட்காருகிறவள் அக்கா. தம்பி ஒன்றேகால் மணி நேரமும் நிற்கிறான்.

உனக்கு இரண்டு கேள்வி. அவன் ஏன் கடைசிவரை உட்காரவில்லை? சரி, பிடிக்கவில்லை என்றால் வெளியே போய் நிற்கலாமே, ஏன் போகவில்லை? பதில் தெரிந்தால் ஒத்துக்கொள். தெரியாவிட்டால் போய் நீதிபதியாக உட்கார்ந்து சுத்தியலைத் தட்டு.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா இல்லையா?

அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் நடக்கிறது. நீ கொடுத்த ஒத்தடம்தான் தாங்கவில்லை.

சரி, உனக்காக முழுதாகப் படித்தேன். எண்ணியும் விட்டேன். அந்த அக்காக்காரிக்கு முப்பத்தெட்டுப் பக்கம் பேச்சு. எனக்கு முழு வாக்கியங்கள் பதினான்கு. மிச்சமெல்லாம் ‘ம்’. அறுபத்தேழு ‘ம்’ அக்கா! இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்து நான் சம்பாதித்தது ஒரு மெய்யெழுத்தா?

கிராப்பை ஒரு டீக்கடையில் சந்தித்துக் கேட்டேவிட்டேன்.

“ஏம்மா, இந்த ‘ம்’முக்கு நான் எதுக்கு? ஒரு டேப் ரிக்கார்டர் வெச்சா போதாதா?”

“வெச்சுப் பாத்தோம் சார். சரியா வரல.”

அவள் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, “பேசறதுக்கு ஆள் எங்க வேணும்னாலும் கிடைக்கும் சார். கேக்கறதுக்குத்தான் கிடைக்க மாட்டேங்குது” என்றாள். எனக்கு உச்சி கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “நல்லா யோசிங்க சார், அவசரமே இல்ல” என்றாள். தொடர்க்காரர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்கிறார்கள். இவள் என்னடாவென்றால் ஒரு பெரிய நடிகனை எப்படி விரட்ட வேண்டும் என்றுகூடத் தெரியாத பிள்ளையாக இருக்கிறாள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “வீட்டுல ஒரு ‘ம்’ சொல்ல மாட்டீங்க. மேடையில அறுபத்தேழு சொல்லப் போறீங்களாக்கும்?” என்றாள். இப்படிப்பட்ட விமர்சகர்களோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில்: முட்டி பலமானவன், அதனால் நிற்கிறான். வெளியே மழை, அதனால் போகவில்லை.

தம்பி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

மாமாவுக்குச் சளி இறங்கிவிட்டது. உன் பதில்கள் இரண்டும் தப்பு. மழை மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

அறுபத்தேழும் ஒரே ‘ம்’ என்று நினைத்தாயா? பதினோராம் பக்கத்தில் அவள் ஊர் வம்பு பேசுகிறாள். அங்கே அவன் சொல்வது, காது கொடுக்காமல் போடுகிற ‘ம்’. நீ அதில் கெட்டிக்காரன், உன் பொண்டாட்டியைக் கேள். இருபத்திரண்டில், ‘உனக்கு ஜுரம் வந்தப்ப நான்தான் தூக்கிட்டு ஓடினேன்’ என்கிறாள். அங்கே வருவது அடிபட்டவன் சொல்கிற ‘ம்’. அது வாயிலிருந்து வரக் கூடாது. விலாவிலிருந்து வர வேண்டும். முப்பத்தொன்றில் அவன் ‘ம்’ சொல்லவே இல்லை, கவனித்தாயா? அவள் அங்கே காத்திருக்கிறாள். வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரலே மாறுகிறது. அதுவரை கோபமாகப் பேசியவள் அங்கேதான் பயந்துபோகிறாள். அந்த இடத்தில் கத்தினால் கெட்டுப்போகும். தாழ்த்திச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவன் குனிந்து கேட்கிற மாதிரி.

வேலை இருக்கிறது. வெளியே வரிசை நிற்கிறது.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கல்லூரியில் சொன்ன பொய்யை உனக்காக நிஜமாக்க வேண்டியதாயிற்று.

இனிமேல் முட்டிமேல் பழி போட்டுப் பிரயோசனமில்லை. பன்னிரண்டு வருடம் முன்னால் நான் மேடையை விட்டதற்கு எல்லோரிடமும் சொன்ன காரணம், ‘சினிமா அழைத்தது’. சினிமா அழைக்கவில்லை அக்கா. நான்தான் ஓடிப்போனேன்.

அன்றைக்கு வீட்டு எஜமானன் வேஷம். நிறைந்த அரங்கம். இரண்டாவது காட்சியில் வாயைத் திறந்தேன், ஒன்றுமே இல்லை. வசனம் மறப்பது வேறு. எனக்கு அப்போது அந்த வேஷம், எதிரே நிற்பவள், எந்த நாடகம் என்று எல்லாமே போய்விட்டது. வெளியே போய்விடலாம் என்று திரும்பிக் கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. இழுத்தேன். அது திரையில் வரைந்த கதவு. வரைந்த கைப்பிடியைப் பிடித்து நான் இழுத்ததைப் பார்த்து அரங்கமே சிரித்தது. நகைச்சுவைக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள். பவுடர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், “என்னய்யா, கதவு திறந்துதா?” என்பான்.

நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். உட்கார்ந்திருப்பவனுக்கு ஓட வேண்டும் என்று தோன்றாது பார்.

ஆகவே நீதிபதி என்றே முடிவு செய்யப் போகிறேன். சரி என்று ஒரு வரி எழுதிவிடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து, “நல்லா இருக்கா, ஏதோ எழுதிட்டே இருக்கா, கிழிச்சிட்டே இருக்கா” என்று சொல்லி வைத்துவிடுகிறார். உடம்பு சரியில்லையா?

நீ எழுதாததால் நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரியை எதிரில் உட்காரவைத்து, “நீ பேசிக்கிட்டே இரு. நான் ‘ம்’ மட்டும் சொல்றேன். பயிற்சி” என்றேன்.

“எதைப் பத்திப் பேச?”

“எதையாவது.”

“நிஜமாவே கேப்பீங்களா?”

“ம்.”

அக்கா, அவள் ஒன்றரை மணி நேரம் பேசினாள். அவளுடைய அலுவலகம் மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு மாறி எட்டு மாதம் ஆகிறதாம். பக்கத்து மேஜைக்காரியோடு பேச்சு வார்த்தை இல்லையாம். மத்தியானச் சாப்பாட்டை மொட்டை மாடியில் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். இதெல்லாம் எனக்கு முன்பே சொன்னாளாம். நான் ‘ம்’ சொன்னேனாம். பதினோராம் பக்கத்து ‘ம்’!

அவள் பேசியபோது நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் இருந்த நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. எடுத்துக் கீழே வைத்துவிட்டு நானே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவள் எடுப்பாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் பளிச்சென்றது. நாடகத்தில் அந்தப் பெஞ்சிலும் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கிறதே! அவன் உட்காராததற்கும் வெளியே போகாததற்கும் ஒரே காரணம்தான். அவள் அந்தப் பையை எடுத்து வைப்பாளா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பதில் தெரிந்துவிட்டது. பயம் போகவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்! இன்று காலை பதினொரு மணிக்குக் கிராப்புக்குப் போன் செய்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, “நான் வர்றேன்” என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “சரிங்க சார், ஏப்ரல் நாலாம் தேதி காலைல ஒம்பது மணி” என்றாள். கையெழுத்து, ஒப்பந்தம் ஒன்றும் கேட்கவில்லை. வாக்கே போதும் என்று இருக்கிறாள், அந்தக் காலத்து நாகரிகம்.

நீதிபதி வேஷம் பவுடருக்குப் போய்விட்டது. போகட்டும், அவனுக்குக் கனமான முகம்.

தைரியமான தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

முன்னறையை உனக்கு ஒழித்தாகிவிட்டது. முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். தடித்த ரப்பர் அடி போட்ட செருப்பாகக் கொண்டு வா, நிறைய நிற்க வேண்டியிருக்கும்.

பை விஷயம் சரி.

அக்கா

ஏப்ரல் 9, உன் வீட்டு முன்னறை

அன்புள்ள துரோகி,

நலமா என்று கேட்கத் தேவையில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் நீ இருமுவது கேட்கிறது.

ஐந்து நாளாக நான் வாயை மூடிக்கொண்டிருப்பது கிராப்பின் கட்டளைக்காக. ‘பத்தொம்பது வருஷம் பேசாதவங்க, ஒத்திகைக்கு வெளில மூணு வாரமாவது பேசாம இருங்க’ என்று அவள் சொன்னாலும் சொன்னாள், மாமா பாடுதான் திண்டாட்டம். “மாப்ள, உங்க அக்கா இந்தச் சீட்டக் குடுக்கச் சொன்னா. ‘ஃபேனை நிறுத்து’ன்னு எழுதியிருக்கு. இதுக்கு ஒரு தபால்காரனா நானு?” என்று கொண்டு வந்து நீட்டுகிறார்.

ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நாலாம் தேதி காலை அந்த அறைக்குள் நுழைகிறேன். நடுவில் பெஞ்சு. பெஞ்சில் நீ. மடியில் பிரதி, பக்கத்தில் பை. யாரோ ஒருத்திக்கு எக்ஸ்ரே எடுக்க வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன்! முப்பத்தெட்டுப் பக்கத்தையும் காகிதத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டாய். முப்பத்தொன்றாம் பக்கம் வந்தபோது நான் குனிந்தேன் அக்கா. யாரும் குனியச் சொல்லவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே குழுவில் நடித்துக்கொண்டிருந்தோம். உன் இருபதாவது வயதில் நீ எக்ஸ்ரே படிக்கப் போனாய். நீ என்னைவிட நன்றாக நடிப்பாய் என்று எனக்கு அப்போதே தெரியும். வெளியே சொல்லாமல் இருந்தது என் புத்திசாலித்தனம். இத்தனை வருடம் ஏன் திரும்பி வரவில்லை? இந்த வேஷத்தை ஒத்துக்கொண்டதை என்னிடம் ஏன் மறைத்தாய்?

தம்பி

ஏப்ரல் 10, பின்னறை

தம்பிக்கு,

மாமா இதைப் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும்.

ஏன் திரும்பி வரவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை. நீயும்தான். உன்னைக் குறை சொல்லவில்லை, கேட்டாய், சொல்கிறேன்.

போன நவம்பரில் உன் கிராப்பு மணிக்கட்டை முறித்துக்கொண்டு எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். மணிக்கட்டு எக்ஸ்ரேவுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்ல அவசியமில்லை. ஆனால் வெளியே வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நான் மற்றவர்களுக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். “மேடம், நீங்க ‘விடலாம்’னு சொன்னப்ப வெளிய உக்காந்திருந்த நானும் மூச்ச விட்டேன்” என்றாள். மறுநாள் பிரதியோடு வந்தாள். அன்று மாலையே படித்துவிட்டு, “எதிர்ல நிக்கிறவன் என் தம்பியா இருந்தா உக்காருறேன். இல்லன்னா வேண்டாம்” என்றேன்.

உன்னிடம் சொல்லியிருந்தால் எனக்காக ஒத்துக்கொண்டிருப்பாய். அது வேஷத்தை ஒத்துக்கொண்டதாக ஆகாது. நாள் முழுக்கத் தியாகி முகத்தோடு என் எதிரில் நிற்பாய். அதைச் சகிக்க என்னால் முடியாது. கதவுக் கதைக்கு நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் ‘வாடா’ என்றுதான் முடிந்தது.

நாளை பதினேழாம் பக்கத்து ‘ம்’மைக் கொஞ்சம் தாமதமாகச் சொல். என் வாக்கியத்தின் வாலை மிதிக்கிறாய்.

ஃபேனை நிறுத்து.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். உன் தைலம் பையில் கொட்டிச் சட்டையெல்லாம் மருந்துக்கடை வாசம். மாமாவுக்குத் தபால் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததற்கு என் வாழ்த்து.

பன்னிரண்டு காட்சியும் முடிந்துவிட்டன என்று மனசு நம்பவில்லை. முதல் நாளைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். ஐம்பத்திரண்டாவது ‘ம்’ எனக்கு மறந்துபோயிற்று. வசனத்தை மறந்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ‘ம்’மை மறந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கால் தானாகவே திரும்பியது. இந்தத் தடவை கதவு நிஜக் கதவு, திறந்தும் இருந்தது.

அப்போது நீ, பிரதியில் இல்லாத ஒன்றைச் செய்தாய். என்னைப் பார்க்காமலே பக்கத்திலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாய். அவ்வளவுதான். எனக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ‘ம்’ என்றேன். அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் வீட்டுக்காரி என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பிறகு எல்லாக் காட்சியிலும் அந்த இடத்தில் பையை எடுத்து வைக்கச் சொல்லிக் கிராப்பு பிரதியிலேயே எழுதிக்கொண்டாள். என் ஞாபக மறதிக்குக் கிடைத்த இலக்கிய மரியாதை.

இனிமேல் வீட்டுக்காரியோடு ஏழாம் மாடிக்கு மேலே மொட்டை மாடியில் வாரத்துக்கு இரண்டு நாள் மத்தியானச் சாப்பாடு. லிஃப்ட் இருக்கிறது, பயப்படாதே. தொடரில் பவுடர் தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தேன். சுத்தியல் அவனைவிட நன்றாக நடிக்கிறது.

ஒரே ஒரு ஆசை. மற்றவர்கள் எனக்கு என்னென்னவோ பாராட்டுச் சொல்லிவிட்டார்கள். நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மார்ச் பதினான்காம் தேதி, யார் தூண்டுதலும் இல்லாமல், பயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, நானே தனியாக ஒரு முடிவெடுத்தேனே, என் வாழ்க்கையில் நான் சுயமாக ஒத்துக்கொண்ட முதல் வேஷம் அது. அதற்காகவாவது ஒரு சபாஷ் எழுதக் கூடாதா?

அன்புடன் தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

மாமா நலம். என் இடுப்பும் நலம். வேறொரு நாடகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொன்றில் நீ குனிந்தது நன்றாக இருந்தது, பன்னிரண்டு நாளும்.

சபாஷ்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். அரங்கத்தை ஜூனுக்குப் பிடிக்க ஜனவரி பன்னிரண்டுதான் கடைசி நாள். விண்ணப்பத்தில் இரண்டு நடிகர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். உன் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

அக்கா